மிசுனா வறை

என் கணவருக்குக் கீரை ஆகாது. மேசையில் கீரைச் சட்டி இருந்தால், அதை வேறு பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். வல்லாரைச் சம்பலோ, பொன்னாங்காணி வறையோ, முளைக்கீரைக் கடையலோ, எதுவானாலும் ஒரே பதில்தான்.

"என்னப்பா, நான் என்ன ஆடே?"

கலியாணம் முடித்த புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். பிறகு கோபப்பட்டேன். பிறகு, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணும் கொம்பனி ஒன்றில் காலம் முழுக்க வேலை பார்த்த மனுசன். கப்பற்காரரோடும் சுங்கக்காரரோடும் கத்திக் கத்திக் குரல் கட்டி வீட்டுக்கு வருபவரோடு ஒரு பிடி கீரைக்காக நானும் கத்துவதா? கீரை எனக்கும் மகளுக்கும், மீன் பொரியல் அவருக்கும் என்று வெள்ளவத்தையில் எங்கள் பிளட்டில் ஒரு சமாதானம் நிலவியது.

அவர் ஓய்வு பெற்ற கையோடு சீனி வருத்தம் வந்தது. டொக்டர் ஒரு பொம்பிளைப் பிள்ளை, எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். "அங்கிள், சோத்தைக் குறையுங்கோ, கீரையைக் கூட்டுங்கோ" என்றாள். இவர் நல்ல பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். காலி வீதிக்கு இறங்கியதும் முதல் கடையில் இரண்டு உளுந்து வடை வாங்கினார். "கீரை நாளைக்குப் பாப்பம்" என்றார். அந்த நாளை வருசக் கணக்கில் வரவேயில்லை.

அது வந்த விதம்தான் பகிடி. மகளுக்குக் கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை. அங்கே உள்ள பெட்டையளோடு சேர்ந்து இவளும் இராச் சாப்பாட்டுக்குச் சோறில்லாமல் சலட் தின்னத் தொடங்கினாள். சுப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து விற்கும் இலை குழைகளை வாங்கி வந்து பிரிட்ஜை நிறைப்பாள். ஒரு பெட்டியில் மிசுனா என்று எழுதியிருந்தது. ஜப்பான் கீரையாம், நுவரெலியாப் பக்கம் வளர்க்கிறார்களாம். திறந்து பார்த்தேன். வெள்ளைத் தண்டு, ஓரம் முழுக்கக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டது போலப் பற்கள். கழுவியாயிற்று, அப்படியே சாப்பிடலாம் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். ஆர் கழுவினது, எந்தத் தண்ணியில் கழுவினது? நான் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் திரும்பவும் கழுவித்தான் வைத்தேன்.

அன்று கிரிக்கெட் மட்ச். மிக்ஸர் டின்னை நான் ஒளித்து வைத்திருந்தேன். சீனி வருத்தக்காரனுக்கு மிக்ஸர் எதற்கு? இவர் குசினிக்குள் போய் அங்கே உருட்டி இங்கே உருட்டிக் கடைசியில் பிரிட்ஜைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் ஹோலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மொறுக், மொறுக். எட்டிப் பார்த்தால், மனுசன் மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல், மிசுனாவைக் கொத்துக் கொத்தாக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கிறார்!

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?"

"நல்லா இருக்கப்பா இது. கசக்கவும் இல்லை, காறவும் இல்லை."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு, ஒரு சிட்டிகை உப்பு, வேறொன்றும் கூடாது. தேங்காய்ப்பூப் போட்டுச் சம்பலாக்கித் தரவா என்று கேட்டேன். "கெடுத்துப் போடாதையும்" என்றார். ஒருதரம் ஆசையில் தேங்காய்ப்பூவோடு வறையாய் வறுத்துக் கொடுத்துப் பார்த்தேன். மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நெருப்பில் பட்டால் அது கீரை, படாவிட்டால் அது மிசுனா. இதுதான் அவருடைய சட்டம். நானும் தின்று பார்த்தேன். காரம் என்று சொல்ல முடியாது, கடுகு இருக்கும் டப்பாவைத் திறந்தால் வருமே ஒரு வாசம், அவ்வளவுதான். மற்றப்படி தண்ணீரை மென்ற மாதிரி. இக்கரை மாட்டுக்கு அக்கரை பச்சை என்பது சரியாகத்தான் இருக்கிறது. இந்த மாட்டுக்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டி இருந்தது. "ஆட்டுக்குக் குழை வைச்சாச்சோ?" என்று மகள் வேலையால் வந்ததும் கேட்பாள். அவர் அதற்கெல்லாம் அசையவில்லை.

பெட்டி வாங்கிக் கட்டாது என்று விதை வாங்கச் சொன்னார். மகள் எங்கேயோ ஓடர் பண்ணி எடுத்துக் கொடுத்தாள். அதை எதில் நடுவது என்று ஒரு பெரிய ஆராய்ச்சி. கடைசியில் தயிர்ச் சட்டிதான் தோது என்று கண்டுபிடித்தார். மண் சட்டி, அகலம் இருக்கிறது, ஆழம் இல்லை, அடியில் ஒரு ஓட்டை போட்டால் போதும். ஆனால் சட்டி வேண்டுமென்றால் முதலில் தயிர் முடிய வேண்டுமே! அப்படி அந்த மனுசன் செடியின் பேரால் எருமைத் தயிரும் கித்துள் வெல்லப் பாணியுமாக வெளுத்து வாங்கினார். "சட்டிக்காகத்தானப்பா" என்பார், வாயில் பாணி வழிய. டொக்டர் பிள்ளை இலை தின்னச் சொன்னாள். இவர் இலை தின்பதற்காகப் பாணி குடித்தார். இந்த நியாயத்தை எந்தக் கோட்டில் போய்ச் சொல்வது?

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்குகிறது. இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள். எங்கள் பல்கணிக்கு விடியற்காலை வெயில் மட்டும்தான் வரும், அதுவும் அந்தக் குளிர்தேசத்துச் செடிக்குக் கூடிப் போயிற்று. வெயில் பட்டால் அது அவசரப்பட்டுப் பூத்துவிடும், பூத்தால் இலை முற்றிவிடும். ஆகவே நிழல் வேண்டும். "இஞ்சேரும், இண்டைக்கு உடுப்புத் தோய்க்கேல்லையே?" என்று ஏழு மணிக்கே வந்து நிற்பார். என் ஈரச் சீலைகளும் நைட்டிகளும் கொடியில் தொங்க, அந்த நிழலில் சட்டிகள் வரிசையாக இருந்தன. தோய்க்க உடுப்பில்லாத நாளில் தோய்த்த பெட்ஷீட்டைத் திரும்ப நனைத்துப் போட்டிருக்கிறார். சத்தியமாக.

ஒருமுறை சுகாதாரக்காரர் டெங்கு பார்க்க வந்தார்கள். சட்டிக்குக் கீழே தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு சிங்களப் பெடியன் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தான். பிறகு இலையைக் காட்டி "மேக்க மொக்கத்த அங்கிள்?" என்று கேட்டான். இது என்ன என்று அவன் கேட்டதுதான் தாமதம், இவருக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. "ஜப்பான் கங்குன், மல்லி! காலா பலன்ன!" என்று, ஜப்பான் கீரை, தின்று பார் தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, ஒரு கொத்தை வெட்டி நீட்டினார். அவன் பாவம், கடமைக்கு வந்தவன், நின்றபடியே தின்று பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுப் போனான். குறை ஒன்றும் எழுதவில்லை.

வெட்டி நீட்டினார் என்றேன். அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். மிசுனாவைப் பிடுங்கக் கூடாது. அடியில் இரண்டு விரல் விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். மூன்று நாலு முறை வெட்டலாம். அதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தார், அதை நான் எடுத்து மீன் செட்டை வெட்டிவிட்டேன் என்று ஒரு பின்னேரம் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. முற்றிப் பூத்த செடிகளை மட்டும் விட்டுவைப்பார். மஞ்சள் பூ, பிறகு மெல்லிய நெற்று. அதைக் காயவைத்து உதிர்த்து, மருந்துப் போத்தல் ஒன்றில் விதையைச் சேர்த்து வைத்தார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. சாப்பிட்டுவிட்டுச் சரிந்தவர் எழும்பவில்லை. இவ்வளவு இலை தின்ற மனுசன் போய்விட்டார், எதிர் பிளட்டில் நாள் தவறாமல் கொத்து ரொட்டி தின்னும் கிழவர் இன்றைக்கும் கடற்கரையில் கையை வீசி நடக்கிறார். கடவுளிடம் ஒருநாள் இதைக் கேட்கத்தான் இருக்கிறேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை பிறகு, ஒரு மாதம் கழித்து, பல்கணியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது வந்தது. சட்டிகளில் இருந்தவை எல்லாம் தண்ணீரில்லாமல் செத்துப் போயிருந்தன. நான் கவனிக்கவில்லை.

மருந்துப் போத்தல் விதைகளை அதன் பிறகுதான் எடுத்தேன். முதல் முறை போட்டது முளைக்கவில்லை. இரண்டாம் முறை வந்தது, கூடுதலாய்த் தண்ணீர் விட்டு அழுகப் பண்ணினேன். ஒரு வருசத்து ஆட்டைத் திவசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போத்தலில் கடைசியாய்க் கிடந்ததைத் தட்டிப் போட்டேன். அது பிடித்தது. நான் உடுப்புத் தோய்த்தேன், காயப்போட்டேன், நிழல் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. திவசம் நெருங்க நெருங்கச் சட்டிகள் எல்லாம் பச்சைப் பசேல் என்று பொங்கி நின்றன.

திவசத்துக்கு, போனவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் படைப்பது வழக்கம். அந்த இலையில் மிசுனா இருக்க வேண்டும், பச்சையாக, தேசிக்காயும் உப்பும் விட்டு, அவர் தின்ற மாதிரியே. எனக்கு அந்த நாளில் வேண்டியது இது ஒன்றுதான். ஐயருக்கு என்ன கொடுப்பது, ஆரார் வருவார்கள், எதிலும் நான் தலைப்போடவில்லை. எல்லாவற்றையும் கொட்டாஞ்சேனை மச்சாள் பார்த்துக்கொண்டார்.

மச்சாள் என்றால் இவருடைய ஒரே அக்கா. கொட்டாஞ்சேனையில் அவர்கள் பிறந்து வளர்ந்த அதே ஒழுங்கையில் இன்றைக்கும் இருக்கிறார். நல்ல மனுசி, ஆனால் குசினிக்குள் வந்தால் அது அவருடைய குசினி. என் சட்டியை எடுத்து என்னிடமே "இது எங்கை வாங்கினது, கைப்பிடி சரியில்லை" என்பார். திவசத்துக்கு ஒரு கிழமை முன்னம் போனில் கறிகளை அடுக்கினார். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய், பூசணிக்காய், பருப்பு, வடை, பாயாசம்.

"மிசுனாவும் வைக்கோணும் மச்சாள்" என்றேன்.

"அது என்ன கோதாரி?"

"இவர் கடைசியாய் விரும்பிச் சாப்பிட்ட இலை. பச்சையாய் வைக்கோணும்."

"பச்சையாயோ! பச்சை இலையை ஆரும் படைப்பினமே? மாட்டுக்குப் போடுறதையெல்லோ நீர் சொல்லுறீர்."

"அவருக்கு அதுதான் விருப்பம்."

"அவன்ர விருப்பம் எனக்குத் தெரியாதோ பிள்ளை? நான் தூக்கி வளத்தவள்."

"எனக்கும் தெரியும்தானே மச்சாள்" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஒரு பிடி இலைக்கு இவ்வளவு கதையா என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த மனுசனோடு முப்பது வருசத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினவள் நான். அவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல எனக்குக் கொட்டாஞ்சேனையில் இருந்து அனுமதி வேணுமோ?

திவசத்துக்கு முதல்நாள் பின்னேரம் மச்சாள் ஓட்டோவில் வந்து இறங்கினார். தன்னுடைய அகப்பைகள், தன்னுடைய தேங்காய் துருவி, தன்னுடைய சட்டிகள் இரண்டு. பல்கணிக்குப் போய்ச் சட்டிகளைப் பார்த்தார், குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார். இரவு படுக்கும்போது, "அந்தக் கீரையையும் வைப்பம். நீர் ஆசைப்படுறீர்" என்று தானாகவே சொன்னார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சும்மாவா சொல்கிறார்கள், ஆடுற மாட்டை ஆடிக் கறக்க வேணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்க வேணும் என்று. நான் பாடவும் இல்லை ஆடவும் இல்லை, மச்சாள் தானாய் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நித்திரையானேன்.

கிரியை கோயிலடி மடத்தில். மச்சாளின் மகன்தான் செய்கிறான், எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. விடிய நானும் மகளும் குளித்துவிட்டு வெளிக்கிட்டோம். "நீர் போம் பிள்ளை, அடுப்பை நான் பாக்கிறன்" என்றார் மச்சாள்.

"மிசுனாவை மட்டும் தொடாதையுங்கோ மச்சாள். நான் வந்து படைக்கிற நேரம் வெட்டுறன், அப்பதான் வாடாது."

"ஓம் ஓம், போட்டு வாரும்."

கிரியை முடிந்து நாங்கள் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. படியிலேயே வாசம் பிடித்தது. தாளித்த கடுகு, செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ வதங்கும் வாசம். வாழைக்காய் வாசமும் இல்லை, பயற்றங்காய் வாசமும் இல்லை. அது கீரை வறையின் வாசம். செருப்பைக் கழற்றியபடி நேரே பல்கணிக்கு ஓடினேன்.

சட்டிகள் வெறுமையாய் இருந்தன. வெட்டவில்லை. பிடுங்கியிருந்தது. ஒவ்வொரு சட்டியிலும் மண் கிளறிக் கிடந்தது, ஒரு வேர் நுனிகூட மிச்சமில்லை. குசினி மூலையில் பழைய பேப்பரில் வேர்களைச் சுற்றிக் குப்பை வாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் மச்சாள், வேரில், இவர் காயவைத்து எடுத்த கடைசி விதைகள் முளைத்த மண்ணும் ஒட்டியிருந்தது. அடுப்படியில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் கறுத்த பச்சையாய், தேங்காய்ப்பூவோடு, ஒரு கரண்டி வறை. பல்கணி நிறைய நின்றது அவ்வளவும் சுண்டி அந்த ஒரு கரண்டி.

"மச்சாள்! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"என்ன, கீரை வறை வைச்சனான். நீர்தானே கேட்டனீர்."

"பச்சையாய் எண்டெல்லோ கேட்டனான்! தொடாதையுங்கோ எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனனான்!"

"சமைக்காமல் படைக்கேலாது பிள்ளை. அதுதான் சமைச்சு வைச்சனான். நீர் வந்து ஆறுதலாய் வெட்டிக்கொண்டிருந்தா நேரம் காணாது."

"பிடுங்கிப் போட்டியளே! அது வெட்டினா வளருற சாமான். வேரோட பிடுங்கிப் போட்டியளே!"

"கீரை எண்டாப் பிடுங்கிறதுதானே" என்றார் மச்சாள். பொய்யில்லை, எங்கள் சனம் கீரையைப் பிடுங்கித்தான் பழக்கம், வேரை நறுக்கி எறிந்துவிட்டுக் கழுவுவது. எனக்கு அந்த நேரம் நியாயம் கேட்கவில்லை. மகள் இடையில் வந்து, "அம்மா, விதை திரும்ப ஓடர் பண்ணலாம்" என்றாள். "பொத்தடி வாயை!" என்று அவள்மேல் பாய்ந்தேன். ஓடர் பண்ணும் விதை அப்பா காயவைத்து உதிர்த்த விதையா? திவச நாளில் வீட்டில் கத்தக் கூடாது. நான் கத்தினேன். கீழ் பிளட் வரைக்கும் கேட்டிருக்கும்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமே மச்சாள்? கொட்டாஞ்சேனையில இருந்த பெடியனைத்தான் தெரியும் உங்களுக்கு. என்னோட இருந்த மனுசனைத் தெரியாது. சமைச்ச கீரையை அவர் தொடார். இப்ப இந்த இலையில அவர் தின்ன ஒண்டுமில்லை!"

மச்சாள் அடுப்பை நிற்பாட்டினார். குசினி முக்காலியில் உட்கார்ந்தார். சண்டைக்குப் பதில் சண்டை வரும் என்றுதான் நான் நின்றேன். மச்சாள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தார், துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தார்.

"தொடமாட்டான் எண்டு எனக்குத் தெரியாதே?" என்றார். "அம்மா செத்த பிறகு அவனுக்குச் சமைச்சுப் போட்டது நான்தான். மீன் தின்னுவான், முட்டை தின்னுவான், பழஞ்சோறு தின்னுவான். கீரை மட்டும் வாய்க்குள்ள போகாது. ஊட்டிவிட்டா, முழுங்கின மாதிரி இருந்திட்டு ஜன்னலடியில போய்த் துப்புவான். அடிச்சும் பாத்தன். மடியில வைச்சுக் கெஞ்சியும் பாத்தன். எனக்கும் சின்ன வயசுதானே பிள்ளை, எனக்குச் சமைக்கத் தெரியாமத்தான் தின்னுறானில்லை எண்டு நினைச்சன். அம்மா வைச்சா தின்னுவானோ எண்டு நினைச்சு நினைச்சு அழுதனான்."

நான் அந்தக் கிண்ணத்தை மூடி வைத்தேன்.

"பிறகு கிழவனாகிப்போய் ஒருநாள் போன் எடுக்கிறான். அக்கா, நான் இப்ப இலை தின்னுறனக்கா எண்டு. சந்தோசம்தான் எண்டு சொன்னன். அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை. என்ர கையால ஒரு வாய் தின்னாதவன், ஆரோ பெட்டியில போட்டு விக்கிறதை விரும்பித் தின்னுறான்." மச்சாள் மூக்கை உறிஞ்சினார். "நேத்து அதைத் தொட்டுப் பாத்தன். மெத்தெண்டு இருந்தது. அவனுக்குப் பிடிச்ச கீரையில வைச்சாலாவது என்ர வறையை ஒருக்காத் தின்னமாட்டானோ எண்டு யோசிச்சன். வேற ஒண்டுமில்லைப் பிள்ளை."

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பல்கணியில் அந்த வெறும் சட்டிகள் இருந்தன, அவை என் கண்ணுக்குள்ளும் இருந்தன. ஆனால் எழுபது தாண்டிய ஒரு மனுசி தாயில்லாத பெடியனுக்கு வைத்த கீரையை நினைத்து என் முக்காலியில் உட்கார்ந்து அழும்போது, அவரோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மச்சாள் குடிக்கவில்லை, படைக்கும் வரைக்கும் விரதம். எங்கள் எல்லோருக்கும் விரதம்தான். அதனால்தான் கத்திய கத்தில் எனக்கே தலை சுற்றியது.

"எழும்புங்கோ மச்சாள், நேரம் போகுது" என்றேன்.

மிச்சக் கறிகளை இரண்டு பேருமாக முடித்தோம். நான் வடை சுட்டேன், மச்சாள் அப்பளம் பொரித்தார். வழக்கமாய் என் வடையைப் பார்த்தால் ஓட்டை பெரிதென்று ஒரு சொல் வரும். அன்று வரவில்லை, அதுவே எனக்கு என்னவோ போல இருந்தது. அறையில் அவருடைய படத்துக்கு முன்னால் தலைவாழை இலையைப் போட்டேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், பயற்றங்காய், பூசணிக்காய், வடை, பாயாசம். கடைசியாய் அந்தக் கிண்ணத்தை எடுத்தேன். படைக்கும் சாப்பாட்டை வாயில் வைத்து உப்புப் பார்க்கக் கூடாது. மணந்துதான் பார்த்தேன். முப்பது வருசமாய் நான் அந்த மனுசனுக்கு முன்னால் வைத்து அவர் தொடாமல் எழும்பிப் போன எல்லாக் கீரையும் மணந்த அதே மணம்.

வாசலில் மச்சாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தை வழித்து, மிச்சம் வைக்காமல், சோற்றுக்குப் பக்கத்தில், கை முதலில் போகும் இடத்தில் வைத்தேன். சாம்பிராணி காட்டினோம், கும்பிட்டோம். படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது எங்கள் வழக்கம். போனவர் வந்து ஆறுதலாய்ச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கதவைச் சாத்தினேன். மகளும் மச்சாளின் மகனும் ஹோலில் இருந்தார்கள். நானும் மச்சாளும் மட்டும் கதவடியில் நின்றோம். கீழே ஒழுங்கையில் மீன்காரன் கத்திக்கொண்டு போனான், பிறகு அந்தச் சத்தமும் போய்விட்டது. மச்சாள் கதவோடு காதை வைக்காத குறையாய்ச் சாய்ந்து நின்றார். பிறகு என் கையைப் பிடித்தார். மச்சாள் ஒருநாளும் என் கையைப் பிடித்ததில்லை.

"தின்னுவானோ பிள்ளை?"

சமைத்த கீரையை அந்த மனுசன் வாயில் வைக்க மாட்டார். எனக்குத் தெரியும். எனக்கு முன்னமே மச்சாளுக்கும் தெரியும்.

"ஓம் மச்சாள்" என்றேன். "தின்னுவார்."